வஞ்சம் வைத்து ஆக்கிய சோறு

கோபத்தோடு சமைத்தால் சாப்பிடுகிறவர் உடம்பில் ஒட்டாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். சுத்தப் பொய். நான் ஒரு வருஷத்துக்குப் பக்கமாகக் கோபத்தோடு மட்டும்தான் சமைத்தேன். பருப்பைக் கடையும்போது மத்துக்கு அடியில் என் அண்ணன் தலை இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் கடைந்தேன். பருப்பு நன்றாக மசிந்தது. என் வீட்டுக்காரர் உடம்பில் ஒட்டவும் ஒட்டியது.

அண்ணன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் ஒரே வயிற்றில் பிறந்தவனை வேறு எப்படிச் சொல்வது? செஞ்சியில் ஒரு நெல் மண்டியில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு அவன் மேஸ்திரி. எங்கள் நைனாவும் அங்கேதான் மூட்டை தூக்கினார். நைனாவுக்குப் பிறகு இவன் தூக்கினான், அப்புறம் மேஸ்திரி ஆனான், ஆன நாளிலிருந்து மூட்டையைத் தொடுவதை விட்டுவிட்டான். கையில் போன், வாயில் பாக்கு, பெஞ்சில் உட்கார்ந்தபடி ஆட்களை ஏவுவது. என் வீட்டுக்காரர் அவன் கோஷ்டியில் ஒருவர். எனக்கு அவரைப் பார்த்துக் கட்டி வைத்தவனும் இவன்தான். "மலை மாதிரி ஆளு. லாரி மேல மூட்டையோட ஏறுனா பலகை நடுங்கும். கண்ண மூடிக்கினு கட்டிக்கோ" என்றான். நானும் கட்டிக்கொண்டேன். அந்த விஷயத்தில் மட்டும் அவன் என்னை ஏமாற்றவில்லை.

அந்த மலை ஒரு மழைக்காலத்தில் இருமத் தொடங்கியது. மண்டியில் இருமாத ஆள் கிடையாது, நெல் தூசி அப்படி. அதனால் நாங்கள் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுட்டது, விடியும்போது பனியன் நனைந்திருந்தது, சட்டை நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. சளியில் ரத்தம் கண்ட அன்றுதான் நான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டி.பி. என்றார்கள். எனக்கும் சோதனை செய்தார்கள், ஒன்றுமில்லை. பெண் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், அவளையும் வரவழைத்துப் பார்த்தோம், அவளுக்கும் ஒன்றுமில்லை. மாத்திரை இலவசம், ஒரு நாள் கூட விடக் கூடாது, சாப்பாடு நன்றாகக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சாப்பாடு நன்றாகக் கொடுங்கள் என்று சொல்வது சுலபம். மூட்டை தூக்கினால்தான் கூலி, படுத்தால் ஒன்றுமில்லை. நான் பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தேன், இன்னும் பார்க்கிறேன். அந்தச் சம்பளத்தில் வாடகை போக, பெண்ணுக்கு அனுப்பியது போக, மிச்சத்தில்தான் ஒரு ஆளை எழுப்பி நிறுத்த வேண்டும்.

முதலில் வந்தது ரொட்டி. எங்கள் ஊரில் யாராவது படுத்துவிட்டால் பார்க்க வருகிறவர்கள் கையில் ரொட்டி பாக்கெட் இருக்கும். கொஞ்சம் வசதியானவர்கள் என்றால் கூட ஆப்பிளும், பால் பவுடர் டப்பாவும். உடம்பு நன்றாக இருக்கிறவன் ரொட்டி தின்ன மாட்டான், அது நோயாளிச் சாப்பாடு என்று எல்லாருக்கும் ஒரு எண்ணம். என் வீட்டு அலமாரியில் ரொட்டி அடுக்கடுக்காகச் சேர்ந்தது. அவரும் பாலில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார், ஒரு மாதமாக.

ரொட்டியோடு கூடவே வந்தது பத்தியம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றைக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முட்டை சூடு, கூடாது. தயிர் சளி. கத்திரிக்காய் அரிக்கும். கருவாட்டைக் கண்ணால் கூடப் பார்க்கக் கூடாது. மல்லாட்டை தின்றால் இருமல் வரும். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். வாழைப்பழம் குளிர்ச்சி, கீரை செரிக்காது, பருப்பு வாயு. எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சம் இருந்தது கஞ்சியும் ரொட்டியும்தான். நானும் அவரை அதிலேயே வைத்திருந்தேன். அவர் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

அப்படி இருக்கும்போதுதான் என் அண்ணன் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ரொட்டியும் திராட்சையும் இருந்த கவரை எட்டி ஜன்னல் கட்டையில் வைத்தான். மாத்திரை ஆரம்பித்து நாளாகிவிட்டது, இனி ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் சொன்னேன். காதில் வாங்கவில்லை. சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"மச்சான் எடத்துல என் மச்சினன போட்டுட்டேன். சீசன் வருது, ஆள் இல்லாம இன்னா பண்றது?"

அவன் மச்சினன் என்றால் அண்ணியின் தம்பி. அனந்தபுரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவன்.

"உடம்பு சரியாயி வந்தா எடம் குடுப்பியா?" என்று கேட்டேன்.

அவன் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். அவர் பாயில் சுருண்டு படுத்திருந்தார். அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நல்லா சோறு போட்டு ஆளாக்கிக் கூட்டிக்கினு வா. அல்லாரும் பாக்க ஒரு நெல்லு மூட்டைய முதுவுல வாங்கி லாரில ஏத்திக் காட்டட்டும். அன்னிக்கே எடம் தரேன். ஆனா நீ எங்க போடப் போற? புடவைக் கடை சம்பளத்துல கஞ்சிதான் ஊத்தலாம்."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவருக்கு எல்லாம் கேட்டது. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்த ஆளை நிமிர்த்தி, அந்த மண்டிக்கு நடத்திக் கூட்டிப் போய், அவன் முகத்துக்கு நேராக மூட்டை தூக்க வைக்காவிட்டால் நான் எங்கள் நைனாவுக்குப் பிறந்தவள் இல்லை என்று அங்கேயே கறுவிக்கொண்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது இன்னும் குறைந்திருந்தது. அங்கே இருந்த நர்சம்மா என்னைக் கூப்பிட்டு, இன்னா குடுக்கறீங்க என்று கேட்டார். கஞ்சியும் ரொட்டியும் என்றேன், பத்தியம் என்றேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"பத்தியம்னு யாரு சொன்னது, டாக்டரா? முட்டை, பருப்பு, மல்லாட்டை, மீனு, கீரை, எது கெடைக்குதோ எல்லாத்தையும் போடு. இவரப் பட்டினி போட்டுட்டு மாத்திரைய குறை சொல்லாத."

வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த ரொட்டி எல்லாவற்றையும் எடுத்து, அண்ணன் வைத்துவிட்டுப் போன பாக்கெட்டையும் சேர்த்து, தெரு நாய்க்குப் போட்டேன். அது மோந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. நாய்க்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமல் போயிற்றே என்று இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. காலையில் கண் விழிக்கும்போதே அண்ணன் முகம் வரும், அதற்கப்புறம் இன்று என்ன போடலாம் என்ற யோசனை வரும். காசு இல்லாதவள் நல்ல சாப்பாடு போட வேண்டுமென்றால் ஊருக்கு எது இளப்பமோ அதைத் தேடிப் போக வேண்டும். நான் அதைத்தான் செய்தேன். முட்டை மொத்த வியாபாரக் கடையில் சின்ன முட்டைகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள், ஓட்டல்காரர்கள் அதை வாங்குவதில்லை. முட்டை முட்டைதானே, வயிற்றுக்குள் போன பிறகு யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? அதை எனக்காக எடுத்து வைக்கச் சொன்னேன். ரேஷன் துவரம்பருப்பை முன்பெல்லாம் சாம்பாருக்குத் தண்ணீராகக் கரைத்து நாள் கடத்துவேன். இப்போது சாம்பாரை நிறுத்திவிட்டுக் கெட்டியாகக் கடைந்தேன். ரேஷன் பருப்பு தீர்ந்தால் கொள்ளு, பச்சைப்பயறு. வீட்டுக்கார அம்மாவின் கொல்லையில் முருங்கை மரம் இருந்தது. காய்க்குத்தான் அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள், கீரையை யாரும் சீண்டுவதில்லை. வாசல் கூட்டிக் கோலம் போட்டுக் கொடுக்கிறேன், கீரையை நான் பறித்துக்கொள்கிறேன் என்றேன். உதிர்ந்து குப்பையாகிறதற்கு நீ பறித்தால் எனக்கு நல்லது என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சந்தையில் கடை கட்டுகிற நேரத்துக்குப் போவேன். மூட்டை கட்டித் திரும்பத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனசிருக்காது. அந்த நேரத்தில் தக்காளிக் கூறு பெரிதாகும், பூசணிக் கீற்று அகலமாகும். கோடையில் ஏரி வற்றினால் ஜிலேபி மீன் வரும். நல்ல மீன் வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நன்றாகச் சுளிக்கட்டும் என்று நான் கூடை நிறைய வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கறி பக்கம் போவதில்லை. ஆட்டு ரத்தம், கோழி ஈரல், கோழிப் பாதம். சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலும் கேட்டேன், ரத்தம் ஊறும் என்று கேள்விப்பட்டு எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டதால் அதன் விலை ஏறிவிட்டது. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

மல்லாட்டை எனக்குக் கடையில் என்னோடு வேலை பார்த்த பெண் மூலமாக வந்தது. அவள் தளவானூர். அறுவடை முடிந்து நல்ல காயை விற்ற பிறகு, பொடிக்காய், ஒற்றைப் பருப்புக் காய் எல்லாம் வீட்டில் கிடக்கும். அதை மலிவாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை வறுத்து வெல்லத்தோடு இடித்து உருண்டை பிடிப்பேன். மல்லாட்டை தின்றால் இருமல் வரும் என்று முதன்முதலில் போனில் சொன்னவன் என் அண்ணன்தான். அதனாலேயே ஒவ்வொரு உருண்டையையும் இரண்டு தரம் அழுத்திப் பிடித்தேன்.

ஆனால் ஆக்குவது பாதிதான், சாப்பிட வைப்பதுதான் பெரும் பாடு. மாத்திரை அவர் பசியைக் கொன்றுவிட்டது. தட்டைப் பார்த்தாலே குமட்டல். களியும் கருவாட்டுக் குழம்பும் என்றால் முன்பு சட்டியை வழிக்கிற மனுஷன், நான்கு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவார்.

"போதும்மே. எறங்கல."

"எறங்கும். எங்க அண்ணன் மூஞ்ச நெனச்சிக்கினு துன்னு."

"அவன் மூஞ்ச நெனச்சா எறங்கறதும் எறங்காது."

"அப்ப என் மூஞ்ச பாரு."

பார்த்தார். பயந்துகொண்டு தின்றார். அவருக்கு என் அண்ணன் மேல் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னொரு கோபம். "சீசன்ல அவன் இன்னாதான் பண்ணுவான்" என்பார். மண்டி ஆட்களைப் பார்க்காமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. என் பங்குக்கும் அவர் பங்குக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொண்டேன்.

ஒரே வேளையில் நிறையக் கொடுத்தால் இறங்காது என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுத்தேன். நான் கடைக்குப் போன பிறகு தின்ன உருண்டை ஒரு டப்பாவில், அவித்த முட்டை ஒரு கிண்ணத்தில், மோர் ஒரு சொம்பில். திரும்பி வந்து டப்பாவைத் திறந்து பார்ப்பேன். மிச்சம் இருந்தால் சண்டைதான். கொஞ்ச நாளில் மிச்சம் இல்லாமல் போனது, பிறகு அவரே, இன்னிக்கு இன்னா என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உடனே அண்ணன் ஞாபகம் வந்தது, அழுகை நின்றுவிட்டது.

இரண்டு சமையல் செய்ய எனக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. அவருக்கு ஆக்கியதையே நானும் தின்றேன். அதற்கு முன்னால் நான் என்ன தின்றேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. காலையில் டீயும் பன்னும், மத்தியானம் ஊறுகாயோடு எலுமிச்சைச் சோறு, ராத்திரி மிச்சம் இருந்தது. இப்போது நானும் முட்டை தின்றேன், களி தின்றேன், பருப்பு தின்றேன். ஜாக்கெட் கை இறுகியது. கடையில் துணிப் பண்டல் வந்தால் இரண்டு பேர் பிடித்து ஆள் முதுகில் ஏற்ற வேண்டும். முன்பெல்லாம் ஒரு முனையைப் பிடித்தாலே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அது நின்றுவிட்டதை நான் கவனிக்கக்கூட இல்லை. என் கண்ணெல்லாம் அவர் மேலேயே இருந்தது.

ஆஸ்பத்திரி எடை மிஷின் முள் ஏறிக்கொண்டே போனது. மாத்திரை முடிந்து, சளி சோதனை சுத்தமாக வந்து, வேலைக்குப் போகலாம், மெல்ல மெல்லத் தூக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் விடிகாலையில் கோட்டை வாசல் வரை நடந்துவிட்டு வருவார். பக்கத்து வீட்டு அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன் என்று எதைக் கண்டாலும் தூக்கிப் பார்ப்பார். முதலில் கை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது.

இதற்கிடையில் என் அண்ணன் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையில் நான்கு பேரோடு உட்கார்ந்து, "என் தங்கச்சி எலும்புக்கு சட்டை மாட்டி வுட்டு வாக்கிங் அனுப்புறா" என்று சொல்லிச் சிரித்தானாம். புடவை எடுக்க வந்த ஒருத்தி அதை என்னிடமே வந்து சொன்னாள். நான் அவளுக்குப் புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டே கேட்டேன். முந்தானையை நான் இழுத்த இழுப்பில் அது கிழியாமல் தப்பியது ஆச்சரியம்தான்.

தை பிறந்தது. நெல் வரத் தொடங்கினால் மண்டிக்கு வெளியே ரோடு வரைக்கும் டிராக்டர் நிற்கும். தூக்க ஆள் போதாது. அந்த நேரமாகப் பார்த்து நான் கடையில் அரை நாள் லீவு சொன்னேன். அவருக்குப் பருப்பும் முட்டையும் போட்டு, சாப்பிட்டது கொஞ்சம் இறங்கட்டும் என்று உட்கார வைத்து, பிறகு கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரில் பஜ்ஜியைப் பிழிந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி முகம் மாறியது, பிறகு பழைய சிரிப்பு வந்தது.

"வா மச்சான். உடம்பு தேவலயா?"

"எடம் கேட்டு வந்திருக்காரு" என்றேன். "மூட்டைய தூக்கிக் காட்டச் சொன்னல்ல? தூக்குவாரு."

"தூக்கட்டுமே, யாரு வேணான்னது" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

மண்டி வேலையில் ஒரு விஷயம் உண்டு. நெல் மூட்டையைத் தரையிலிருந்து யாரும் தனியாகத் தூக்கி முதுகில் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்து ஒரே மூச்சில் மேலே கொடுக்க வேண்டும், மூன்றாவது ஆள் குனிந்து முதுகில் வாங்க வேண்டும். அதற்குக் கை கொடுப்பது என்று பெயர். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கை கொடுக்க இரண்டு பேர் இல்லையென்றால் அவன் வெறும் ஆள்தான்.

அவர் துண்டைத் தலையில் போட்டு, முட்டியில் கை ஊன்றி, மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். யாரும் வரவில்லை. அவரோடு வருஷக்கணக்காகச் சேர்ந்து தூக்கியவர்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வியாதிக்கு அவர்கள் பயப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பயந்தார்கள். அவன் வராதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அனந்தபுரத்து மச்சினன் அவிழாத வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். இவர் குனிந்தபடியே நின்றார். யாரும் வரவில்லை என்பது அவருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று அவர் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தேன்.

"அந்தப் பக்கம் யாரு?" என்றேன். பெஞ்சுப் பக்கம் திரும்பினேன். "அண்ணா, நீ வா."

நெல்லுக்குச் சொந்தக்காரர்கள், வியாபாரிகள், டிராக்டர்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு விவசாயி, "யாரோ ஒருத்தர் புடிங்கய்யா, பொம்பள நிக்குது பாரு" என்றார். அண்ணனுக்கு வேறு வழி இல்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்து எதிர் முனையைப் பிடித்தான். சின்ன வயதுக்கு அப்புறம் அவன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏய் என்று சொல்லி இரண்டு பேரும் தூக்கினோம். என் முனை மேலே வந்தது. அவன் முனை வரவில்லை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மேல் உதட்டில் வேர்வை கோத்திருந்தது, சாக்கைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன. மூட்டை என் பக்கம் இடுப்புக்கு மேலேயும் அவன் பக்கம் முட்டியிலும் சாய்ந்து நின்றது. சாக்குக்குள் நெல் முழுக்க அவன் பக்கம் சரசரவென்று இறங்கியது. யாரோ சிரித்தார்கள். "மேஸ்திரி, தங்கச்சிய பாரு, தங்கச்சிய" என்றார்கள்.

ஒரு வருஷமாக நான் சாமியிடம் கேட்டது இதைத்தான், இவ்வளவு நன்றாகக் கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு சாண் மேலே தூக்கினால் போதும், மூட்டையோடு அவனும் தரையில் உட்காருவான், செஞ்சி முழுக்கப் அடுத்த பொங்கல் வரைக்கும் இதைப் பேசும். என் கையில் பலம் இருந்தது. தூக்கவும் தூக்கினேன்.

அப்போது என் வீட்டுக்காரர் கழுத்து கண்ணில் பட்டது. எங்களுக்கு நடுவில் அவர் இன்னும் குனிந்தபடி, பின்னால் நடப்பது எதுவும் தெரியாமல், மூட்டைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். எலும்பு துருத்திக்கொண்டு நின்ற இடத்தில் சதை பிடித்திருந்தது. முட்டை முட்டையாக, உருண்டை உருண்டையாக நான் போட்ட சதை. கோணலாக விழுந்தால் மூட்டை அந்தக் கழுத்தில்தான் விழும்.

என் முனையை அவன் உயரத்துக்கு இறக்கினேன். அவனுக்காக இல்லை. "முட்டிய குடுத்து ஏத்துண்ணா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவன் முட்டியை முட்டுக் கொடுத்தான், அதற்குள் அவன் மச்சினன் ஓடி வந்து அவன் முனையை வாங்கிக்கொண்டான். மூட்டை சமமாக மேலே போய் அவர் முதுகில் உட்கார்ந்தது. அவர் நடந்தார். பலகையில் ஏறினார். பலகை நடுங்கியது. லாரிக்குள் மூட்டையைப் போட்டுவிட்டு, இருமாமல், இறங்கி வந்து மறுபடியும் அடுக்குக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அடுத்தத குடுங்கப்பா, லாரி நிக்குது."

இரண்டு பேர் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்காமலேயே வந்து கை கொடுத்தார்கள். இடம் தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

நான் கிளம்பும்போது அண்ணன் கூப்பிட்டான். பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"நீ இன்னாதான் சாப்புடற?"

கிண்டலாகக் கேட்கவில்லை. டாக்டர் சர்க்கரை என்று சொல்லிவிட்டாராம், கையில் பிடிப்பே இல்லையாம், கால் மரத்துப் போகிறதாம். "அத துன்னாத, இத துன்னாதன்றாங்க. இன்னா துன்றதுனே தெர்ல. நல்லதா துன்னணும்னா செலவாவுமே. நீ எப்படி சமாளிச்ச?" என்றான்.

எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், சின்னப் பிள்ளையில் என் தட்டில் இருப்பதைப் பார்ப்பானே, அதே மாதிரி. எனக்கு ஆறவில்லை. அந்த வாசற்படி, அந்தக் கைக்குட்டை, அந்தச் சிரிப்பு, எதுவும் ஆறவில்லை.

"ஆஸ்பத்திரில போய்க் கேளு. அங்க அல்லாருக்கும் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதும் யார் கேட்டாலும் சொல்கிறேன். கடைக்கு வருகிற பெண்கள் கேட்கிறார்கள், மாத்திரை தின்கிறவர்களின் பெண்டாட்டிமார் வீடு தேடி வருகிறார்கள். எது எங்கே மலிவு, எதை எப்படி ஆக்குவது, குமட்டுகிற ஆளுக்கு எப்படி ஊட்டுவது என்று மணிக்கணக்காகச் சொல்கிறேன். அவன் ஒருவனுக்குத்தான் வாய் வரவில்லை. அதனால்தான் இதில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். செஞ்சியில் யார் கையிலாவது இது கிடைத்தால், மண்டிப் பக்கம் போகும்போது அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.